யூபிஐ-யில் வந்த பணத்தால் வங்கிக் கணக்கு முடங்கினால்: யாரிடம், எதை, எப்படிக் கேட்பது

கேள்வி இது: கடைக்கு வந்த ஒருவர் 6,200 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிவிட்டு கியூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து நடப்புக் கணக்கு முழுவதும் முடங்கிவிட்டது. உள்ளே இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. கிளையில் கேட்டால், “வேறு மாநில சைபர் போலீஸ் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்கிறார்கள். பேமென்ட் ஆப்பின் உதவி மையம், “உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள்” என்று அதே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. உள்ளூர்க் காவல் நிலையத்தில், “இது எங்கள் கேஸ் இல்லை.” யாரிடம் போவது?

இந்தச் சிக்கலில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் அலைவதற்குக் காரணம், அவர்கள் மேல் குற்றம் இருப்பதல்ல. யார் நிறுத்தச் சொன்னார்கள், எந்தப் பரிவர்த்தனைக்காக, எவ்வளவு தொகைக்காக என்ற மூன்று விவரமும் எழுத்தில் அவர்கள் கைக்கு வருவதில்லை. அவை இல்லாமல் போலீஸுக்கு எழுதினாலும், வக்கீலைப் பார்த்தாலும், கோர்ட்டுக்குப் போனாலும் வேலை நகராது. கேட்கும் கோரிக்கையும் பல நேரம் தவறாக இருக்கிறது. “நான் நிரபராதி, கணக்கைத் திறந்துவிடுங்கள்” என்று கேட்டால், விசாரணை முடியட்டும் என்பார்கள். “தகராறில் உள்ள 6,200 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள், மீதியை விடுங்கள்” என்று கேட்டால், மறுப்பதற்கு அவர்களிடம் காரணம் இருக்காது. பல உயர் நீதிமன்றங்கள் சொன்னதும் இதைத்தான்.

பணம் எப்படி நிறுத்தப்படுகிறது என்பது தெரிந்தால் எங்கே தட்டுவது என்பதும் விளங்கும். மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கிறார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிகிறார். உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள ஐ4சி என்ற மையம் 2021 முதல் நடத்தும் அமைப்பு இது. புகாருக்கு ஓர் ஒப்புகை எண் கிடைக்கிறது, பொதுவாக 14 இலக்கம். புகார் உடனே அவருடைய வங்கிக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்று என்று அந்த வங்கி பார்த்து அடுத்த வங்கிக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து மூன்றாவது வங்கி, நான்காவது வங்கி. இதை ‘லேயர்’ என்பார்கள். முதல் லேயர் பெரும்பாலும் மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த கணக்கு. அங்கிருந்து பணத்தைச் சிதறடிக்கிறார்கள்: ஒருவர் கடையில் தங்கம் வாங்குகிறார், இன்னொருவர் பெட்ரோல் பங்க்கில் ஸ்கேன் செய்து ரொக்கம் வாங்கிக்கொள்கிறார், வேறொருவர் உங்கள் கடையில் சரக்கு எடுக்கிறார். அந்த 6,200 ரூபாய் உங்களை வந்தடையும்போது நீங்கள் மூன்றாவது அல்லது நான்காவது லேயர். கணினி உங்களை வியாபாரி என்று அறியாது. பணம் போன பாதையில் உள்ள ஒரு கணக்கு என்றுதான் அறியும்.

இந்த வேகம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மோசடிப் பணம் சில நிமிடங்களில் கைமாறிவிடுகிறது. முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிப்பது பணம் இழந்தவருக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு. குறை எங்கே என்றால், நிறுத்துவதற்கு நிமிடக் கணக்கில் வேலை செய்யும் ஏற்பாடு இருக்கிறது. தவறாக நிறுத்தியதை விடுவிக்க அதே அளவுக்கு வேகமான வழி இல்லை. நிறுத்தும்போது கணக்கு வைத்திருப்பவருக்குக் காரணம் சொல்லும் பழக்கமும் இல்லை.

முடக்கத்தில் வகை உண்டு, எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்துவைப்பது ‘லீன்’ அல்லது ‘ஹோல்ட்’. அதில் மீதிப் பணத்தை எடுக்கலாம். ‘டெபிட் ஃபிரீஸ்’ என்றால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. ‘டோட்டல் ஃபிரீஸ்’ என்றால் இரண்டும் இல்லை. லீன் தொகை இருப்பைவிடப் பெரிதாக இருந்தால் ஆப்பில் இருப்பு மைனஸில் காட்டும்: கணக்கில் 3,000 இருந்து 40,000 லீன் போட்டிருந்தால் மைனஸ் 37,000. அது நீங்கள் வங்கிக்குத் தரவேண்டிய கடன் அல்ல, பதற வேண்டாம். ஆனால் அதன் பிறகு உள்ளே வரும் பணத்தையும் அந்த லீன் விழுங்கும் என்பதைக் கவனத்தில் வைக்கவேண்டும்.

சைபர் புகார் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கேஒய்சி புதுப்பிக்காதது, வங்கியின் சொந்த இடர் கண்காணிப்பு, வருமான வரி அல்லது ஜிஎஸ்டி நிலுவைக்கான ஜப்தி ஆகியவற்றாலும் கணக்கு முடங்கும். கேஒய்சி என்றால் கிளையிலேயே முடிந்துவிடும். வரி என்றால் அந்த அலுவலகத்தோடு பேசவேண்டும். கீழே சொல்பவை சைபர் புகாரால் வந்த முடக்கத்துக்கு மட்டும்.

வழி தேடுவதற்கு முன், இன்றே செய்யவேண்டியவை சில இருக்கின்றன. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆரை எடுத்துவிட்டு வேறு வங்கிக் கணக்கின் கியூஆரை வையுங்கள். டெபிட் ஃபிரீஸில் வரும் ஒவ்வொரு ரூபாயும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும் இஎம்ஐ இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு வேறு கணக்கிலிருந்து கட்டுங்கள். முடக்கம் போலீஸால் வந்தது என்றாலும் தவறிய தவணை சிபில் பதிவில் தவறிய தவணையாகவே ஏறும். ஜிஎஸ்டியை எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் செலான் வழியாகக் கட்டலாம். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. செக் கொடுத்து வைத்திருந்தால் வாங்கியவரிடம் முன்கூட்டியே பேசி வேறு வழியில் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். செக் திரும்பியபின் அவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட உங்களுக்கு 15 நாள்தான். கணக்கு முடங்கியிருந்தது என்று பிறகு வாதாட இடமுண்டு, ஆனால் ஒரு வழக்கோடு இன்னொரு வழக்கையும் சுமக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பு கேமரா இருந்தால், அந்தப் பரிவர்த்தனை நடந்த நாளின் பதிவை உடனே பென் டிரைவில் எடுத்துவையுங்கள். பல கடைகளின் டிவிஆர் (கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டி) பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது என்பதால் இது மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. சரக்கோடு ஆள் கேமராவில் தெரிவதைவிட வலுவான சான்று சிறு கடைக்காரருக்குக் கிடைப்பது அரிது.

அடுத்தது வங்கிக்குக் கடிதம். கிளை மேனேஜருக்கும், அந்த வங்கியின் இணையதளத்தில் பெயர் போட்டிருக்கும் நோடல் அதிகாரிக்கும் (புகார்களுக்குப் பொறுப்பானவர்) சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். அச்செடுத்த பிரதி ஒன்றைக் கிளையில் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் பதில் வரும். கடிதத்தில் கதை வேண்டாம். கேட்க வேண்டியவை: முடக்கிய தேதி; லீனா, டெபிட் ஃபிரீஸா, முழு முடக்கமா; எந்தச் சட்டப் பிரிவின் கீழ்; எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம் அல்லது சைபர் பிரிவு; புகாரின் ஒப்புகை எண்; எஃப்ஐஆர் இருந்தால் அதன் எண்; விசாரணை அதிகாரியின் பெயர், அலுவலக மின்னஞ்சல், தொலைபேசி; தகராறுக்குரிய பரிவர்த்தனையின் யூடிஆர் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி எண்); தகராறுத் தொகை; போலீஸ் அனுப்பிய நோட்டீஸின் நகல்.

இந்தப் பட்டியலின் கடைசிக்கு முன்னால் இன்னொரு வரியைச் சேருங்கள்: “இந்தக் கணக்கின் மேல் வேறு மாநிலங்களிலிருந்து வேறு ஒப்புகை எண்களில் ஏதேனும் கோரிக்கை இருந்தால் அவற்றையும் தெரிவிக்கவும்.” ஒரே மோசடிக் கும்பல் பல மாநிலங்களில் ஏமாற்றியிருக்கும். ஒரு மாநிலத்தில் நாலு மாதம் போராடித் தடையை நீக்கியபின், “இன்னொரு மாநிலத்தின் தடை இருக்கிறது” என்று கவுன்ட்டரில் கேட்கும்போது மனம் உடைந்துபோகும். எல்லாவற்றையும் முதல் நாளே தெரிந்துகொண்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் எழுதலாம்.

கிளையில் இருப்பவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. முடக்கியது பெரும்பாலும் அவர்கள் அல்ல. தலைமை அலுவலகத்தில் போலீஸ் கோரிக்கைகளைக் கையாளத் தனிப் பிரிவு இருக்கும், கணினியில் தடையைப் போடுவதும் எடுப்பதும் அவர்கள்தான். கிளை மேனேஜரிடம் நீங்கள் கேட்கவேண்டிய உதவி, உங்கள் கடிதத்தை அந்தப் பிரிவுக்கு அனுப்பி அங்குள்ள டிக்கெட் எண்ணை வாங்கித் தருவது. பேமென்ட் ஆப் நிறுவனம் சொல்லும் பதில் எரிச்சலூட்டினாலும் இந்த விஷயத்தில் அது உண்மைதான்: தடை வங்கிக் கணக்கின் மேல் இருக்கிறது, ஆப்பின் மேல் அல்ல. ஆப்பிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பணம் அனுப்பியவரின் பெயர், யூபிஐ ஐடி, நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அவற்றைத் திரையில் படமெடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

வங்கி பதில் தரவில்லையென்றால்? முப்பது நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் இணையத்தில் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். “போலீஸ் சொன்னதால் கணக்கை முடக்கிவிட்டார்கள்” என்று புகார் எழுதினால் அது தள்ளுபடியாகும். சட்ட அமலாக்க அமைப்பின் உத்தரவை வங்கி நிறைவேற்றியது பற்றிய புகாரை அந்தத் திட்டமே ஏற்பதில்லை. எழுதவேண்டியது வேறு: “முடக்கத்தின் விவரத்தை எழுத்தில் கேட்டும் வங்கி தரவில்லை”, அல்லது “போலீஸ் நோட்டீஸ் 6,200 ரூபாய்க்கு மட்டும் இருக்க, வங்கி முழுக் கணக்கையும் முடக்கியிருக்கிறது.” இவை வங்கியின் சேவைக் குறைபாடு. பொதுத்துறை வங்கியாக இருந்தால் பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ-யிலும் விவரம் கேட்கலாம். தனியார் வங்கிக்கு ஆர்டிஐ பொருந்தாது.

தகராறுத் தொகையைக் கவனமாகப் பாருங்கள். புகார் கொடுத்தவர் மொத்தம் நாலு லட்சம் இழந்திருப்பார். அதில் உங்கள் கணக்குக்கு வந்தது 6,200. ஆனால் லீன் நாலு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கும். ஸ்டேட்மென்டில் அந்த யூடிஆர் எண்ணைத் தேடி, அந்த வரியை மஞ்சள் மையால் குறித்து, “இந்தப் பரிவர்த்தனையில் எனக்கு வந்த தொகை இவ்வளவுதான்” என்று சுட்டிக்காட்டுவதே பாதி வெற்றி.

இப்போது விசாரணை அதிகாரிக்கு எழுதலாம். அவருக்குத் தமிழ் தெரிய வாய்ப்பில்லை, ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். தலைப்பு வரியிலேயே ஒப்புகை எண்ணும் உங்கள் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கமும் இருக்கட்டும். அவரிடம் நூற்றுக்கணக்கான புகார்கள் இருக்கும், எண் இல்லாத மின்னஞ்சலை யாரும் திறக்கமாட்டார்கள். உள்ளே இந்தச் செய்திகள் மட்டும்: நான் இன்ன ஊரில் இன்ன வியாபாரம் செய்கிறேன், இன்ன தேதியில், இன்ன நேரத்தில் இந்த யூடிஆர் வழியாக 6,200 ரூபாய் வந்தது, அதற்கு இன்ன சரக்கு கொடுத்தேன், பில் எண் இது, பணம் அனுப்பியவரை வாடிக்கையாளர் என்பதைத் தவிர எனக்குத் தெரியாது, தகராறுத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதிக் கணக்கை விடுவிக்க வங்கிக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன், விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன். இணைப்பில் பில், சரக்கு இருப்புப் பதிவேடு, ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று, பான், ஆதாரின் மறைக்கப்பட்ட நகல், ஆறு மாத ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் அது, கேமராப் படம். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். மின்னஞ்சலோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒன்று அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பில் போடவில்லையே என்று பலர் தயங்குவார்கள். சில்லறைக் கடையில் எல்லாவற்றுக்கும் பில் இருக்காது என்பது போலீஸுக்கும் தெரியும். இல்லாத பில்லை இப்போது எழுதிச் சேர்க்கவே கூடாது. முன்தேதியிட்ட ஒரு காகிதம் வெறும் வாடிக்கையாளர் பணத்தைக் குற்றச்சாட்டாக மாற்றிவிடும். அன்றைய விற்பனைக் குறிப்பு, சரக்கு வாங்கிய மொத்த வியாபாரியின் பில், அதே நாளில் வந்த மற்ற சிறு சிறு ஸ்கேன் தொகைகள் ஆகியவற்றைக் காட்டினாலே அது கடைக் கணக்கு என்று தெரியும்.

பதில் வரவில்லையென்றால், சைபர் குற்றப் புகார் தளத்தில் மாநிலவாரியாக நோடல் அதிகாரி, குறைதீர் அதிகாரி ஆகியோரின் பட்டியல் இருக்கிறது. பதினைந்து நாள் பார்த்துவிட்டு, முதல் மின்னஞ்சலின் மேலேயே அவர்களைச் சேர்த்து நினைவூட்டல் அனுப்புங்கள். இந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு: உங்களைத் தொடர்புகொள்பவர் உண்மையான போலீஸா என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். கணக்கு முடங்கியவர்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் இயங்குகிறது. “நான்தான் ஐஓ (விசாரணை அதிகாரி), பத்தாயிரம் அனுப்பினால் இன்று மாலை திறந்துவிடும்” என்பார்கள். “பத்து சதவீதம் கமிஷன், டீஃபிரீஸ் செய்து தருகிறோம்” என்று டெலிகிராமில் விளம்பரம் செய்வார்கள். போலீஸ் அலுவலக மின்னஞ்சல் பெரும்பாலும் ஜிஓவி.இன் அல்லது என்ஐசி.இன் என்று முடியும், ஜிமெயிலில் வந்தால் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். வீடியோ காலில் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

உண்மையான அதிகாரியே, “புகார்தாரருக்கு 6,200-ஐத் திருப்பி அனுப்பிவிடுங்கள், முடித்துவிடலாம்” என்று சொல்வதுண்டு. தொகை சிறிது என்றால் ஒப்புக்கொள்வது புத்திசாலித்தனமே. ஆறாயிரத்துக்காக இரண்டு லட்சம் உள்ளே கிடப்பது நஷ்டம். ஆனால் போனில் சொன்ன ஒரு நம்பருக்கு ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். லீனில் உள்ள தொகையை வங்கியே புகார்தாரர் கணக்குக்கு அனுப்பும்படி, “குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், கணக்கை விடுவிக்கும் பொருட்டு மட்டும்” என்ற வாசகத்தோடு எழுதிக் கொடுங்கள். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தின் வழியாகவும் இப்படித் தொகை திருப்பித் தரப்படுகிறது. எந்த வழியானாலும் தடையை நீக்கும் கடிதம் வங்கிக்குப் போகவேண்டும். புகார்தாரர் புகாரை வாபஸ் வாங்கினால் மட்டும் கணக்கு தானாகத் திறக்காது.

நேரில் வரச்சொன்னால்? எந்தப் பிரிவின் கீழ் நோட்டீஸ் என்று பாருங்கள். குற்ற விசாரணைகளுக்கு இப்போது நடைமுறையில் உள்ள சட்டம், 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பிஎன்எஸ்எஸ். அதன் 179-ஆம் பிரிவு சாட்சிகளுக்கானது. ஒரு காவல் நிலையம் தன் எல்லையிலும் பக்கத்து நிலைய எல்லையிலும் இருப்பவரைத்தான் அதன்படி வரச்சொல்ல முடியும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக்காரரை அல்ல. 35(3) என்று இருந்தால் நிலைமை வேறு: உங்களைச் சந்தேக நபராகக் கருதுகிறார்கள். அதைப் புறக்கணிக்கக்கூடாது, உடனே வக்கீலைப் பாருங்கள். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியது அதை முறையாகக் கொடுத்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. இருந்தும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. நேரில் போகவேண்டி வந்தால், புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கடிதத்தின் தொனியே மாறும். வங்கிக் கணக்கும் போலீஸ் கைப்பற்றக்கூடிய ‘சொத்து’தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. அந்த அதிகாரம் முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பிஎன்எஸ்எஸ் 106. ஆனால் அதே பிரிவு, கைப்பற்றியதை உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. அடுத்த 107-ஆம் பிரிவு குற்றத்தால் கிடைத்த சொத்தைப் பற்றியது. அங்கே நீதிமன்ற உத்தரவு தேவை, உரியவருக்கு 14 நாள் அவகாசத்தோடு விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரவேண்டும். மோசடிப் பணம் என்று கணக்கை முடக்குவதானால் 107-ன் வழியேதான் போகவேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் கூறியது. எல்லா நீதிமன்றங்களும் இதில் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் எவ்வளவு முடக்கலாம் என்பதில் தீர்ப்புகள் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன.

2023-ல் கேரள உயர் நீதிமன்றம், போலீஸ் குறிப்பிட்ட தொகையோடு தடையை நிறுத்திக்கொள்ள வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஓராண்டுக்கு மேலாக முடங்கியிருந்த ஒரு கணக்கில் சுமார் இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க அனுமதித்தது. டெல்லியில் சோலே பட்டூரே விற்கும் ஒரு சிறு வியாபாரியின் கணக்கு 105 ரூபாய்க்காக முழுதாக முடக்கப்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் அதை விடுவித்தது. அதே நீதிமன்றத்துக்கு 2025 தொடக்கத்தில் வந்த இன்னொரு வழக்கில் தகராறு 200 ரூபாய், மருந்து விநியோக நிறுவனத்தின் முடங்கிய கணக்கில் இருந்தது 93 கோடி. ஒரு தட்டு சாப்பாட்டின் விலைக்காக ஒருவருடைய பிழைப்பு முழுவதையும் நிறுத்தலாம் என்ற ஏற்பாடு நியாயமல்ல. உங்கள் கடிதத்தில், “தகராறுத் தொகைக்கு மேல் முடக்குவது சென்னை உயர் நீதிமன்றம் உள்ளிட்டவை கூறியதற்கு மாறானது” என்று ஒரு வரி சேர்த்தால் வங்கியின் சட்டப் பிரிவு அதைக் கவனித்துப் படிக்கும்.

கடிதங்களுக்குப் பலன் இல்லாவிட்டால் நீதிமன்றம்தான். வழி இரண்டு. முதலாவது, கைப்பற்றிய காவல் நிலையம் எந்த மாஜிஸ்திரேட்டின் எல்லையில் இருக்கிறதோ அங்கே பிஎன்எஸ்எஸ் 503-ன் கீழ் மனு. செலவு குறைவு. ஆனால் வேறு மாநிலத்தில் வக்கீல் வைக்கவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பல புகார்களில் எஃப்ஐஆரே போட்டிருக்கமாட்டார்கள். வெறும் ஒப்புகை எண்ணை வைத்துக்கொண்டு போனால் நீதிமன்ற அலுவலகத்தில் மனுவை எண்ணிட மறுப்பார்கள். எஃப்ஐஆர் இருந்தால் மட்டும் இந்த வழியை யோசியுங்கள்.

இரண்டாவது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதியாவது எந்த உயர் நீதிமன்றத்தின் எல்லையில் எழுகிறதோ அங்கே மனுப் போடலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 226(2) சொல்கிறது. கணக்கு இருக்கும் கிளையும் கடையும் தமிழ்நாட்டில் என்பதால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்யலாம், வேறு மாநிலத்துக்கு ஓடவேண்டியதில்லை. வங்கி, அந்த மாநிலப் போலீஸ், ரிசர்வ் வங்கி ஆகியோரை எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது வழக்கம். கோரிக்கை இங்கேயும் அதேதான்: தகராறுத் தொகைக்கு லீன், மீதிக்கு விடுதலை. நீதிமன்றம் முதலில் கேட்பது, “இதற்கு முன் அவர்களிடம் கேட்டீர்களா?” முத்திரை போட்ட வங்கிக் கடிதம், மின்னஞ்சல்கள், ஸ்பீட் போஸ்ட் ரசீது எல்லாம் அங்கேதான் பேசும். அவை இல்லாமல் போனால், “முதலில் மனுக் கொடுங்கள்” என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு.

வக்கீல் கட்டணம் முடியாதென்றால் 15100-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கும் தனிச் சட்டப் பணிகள் குழு உண்டு.

தடை நீங்கும் கட்டத்தில் நடக்கும் குளறுபடி ஒன்றைச் சொல்லவேண்டும். “நான் வங்கிக்கு மெயில் போட்டுவிட்டேன்” என்பார் அதிகாரி. “எங்களுக்கு எதுவும் வரவில்லை” என்பார்கள் கிளையில். இரண்டும் உண்மையாக இருக்கலாம்: மெயில் தவறான முகவரிக்குப் போயிருக்கும், கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், அல்லது அதிகாரி தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பியிருப்பார், வங்கி அதை ஏற்காது. ஆகவே வங்கியின் போலீஸ் தொடர்புப் பிரிவின் சரியான மின்னஞ்சலை முன்பே வாங்கி அதிகாரிக்குக் கொடுங்கள். அவர் அனுப்பும்போது உங்களையும் பிரதியில் சேர்க்கச் சொல்லுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போவது அடிக்கடி நடக்கும். புதியவர் பொறுப்பேற்றதும் பழைய பிடிஎஃப்பை அப்படியே அவருக்கு மறுபடி அனுப்பவேண்டும்.

கணக்கு திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபாருங்கள். லீன் தகராறுத் தொகைக்கு மட்டும் இருக்கிறதா, யூபிஐ, நெட்பேங்கிங், டெபிட் கார்டு மூன்றும் வேலை செய்கின்றனவா என்று தனித்தனியாகப் பாருங்கள். கணக்கின் தடை நீங்கியும் நெட்பேங்கிங் தடை தங்கிவிடுவதுண்டு. இஎம்ஐ தானாகப் போவதற்கான அனுமதியை (மேண்டேட்) புதிதாகப் பதியவேண்டியிருக்கலாம். அது சேமிப்புக் கணக்காக இருந்திருந்தால், முடங்கியிருந்த காலத்துக்கும் வட்டி வரவேண்டும், ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நீக்கிய கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

இனிமேலுக்கு: கடை கியூஆருக்கு என்று தனிக் கணக்கு ஒன்றை வைத்து, இரவில் கடை சாத்தும்போது அன்றைய வரவை முதன்மைக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முடங்கினாலும் ஒரு நாள் வரவுதான் மாட்டும். “ஸ்கேன் பண்ணுகிறேன், ரொக்கம் கொடுங்கள்” என்று முகம் தெரியாதவர் கேட்டால் மறுத்துவிடுங்கள், இருநூறு ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். தவறுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது அழைத்தால் நேரடியாக அனுப்பவேண்டாம். வங்கிக்கு எழுதித் தெரிவித்து அவர்கள் வழியாகவே போகட்டும். கிரிப்டோவை முகம் தெரியாதவருக்கு விற்று வங்கிக் கணக்கில் பணம் வாங்குவதும், தெரிந்தவர் கேட்டார் என்று கணக்கையும் சிம்மையும் கொடுப்பதும் இந்த முடக்கத்துக்கு நேராக இட்டுச்செல்லும். கணக்கைக் கொடுத்தவருக்கு மேலே சொன்ன எந்த வாதமும் கைகொடுக்காது, அவர் அந்த வழக்கில் முதல் லேயராக நிற்பார்.